தறியின் வலப்பக்கம்
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தை உழைப்புச் சட்டங்களின் வரலாற்றைப் பேச வேண்டும் என்று மன்றம் கேட்டுக்கொண்டபோது, அதைச் சிவகாசியில் தொடங்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். தீப்பெட்டியும் பட்டாசும் ஊரறிந்த செய்தி. விடியும் முன்பே பேருந்தில் ஏற்றிச் செல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளை நாடே பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பட்டுத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. பக்கத்துத் தெருவுக்கு நடந்தே போனார்கள். சுவருக்குள் உட்கார்ந்தார்கள். அந்த இடத்துக்குப் பெயர் தொழிற்சாலை அல்ல, வீடு. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சட்டம் 100 ஆண்டுகளுக்கு மேல் வாசலிலேயே நின்றது என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

தாமல் உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுச்செட்டி சத்திரத்தை அடுத்து வருகிறது. வராகீஸ்வரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் தாமல் ஏரியும் ஒன்று. ஏரி நிரம்பினால் வயல் வேலை. வறண்டால் வேறு வேலை தேட வேண்டும். இந்தப் பகுதிச் சேரிப் பிள்ளைகளின் உழைப்புக்கு இரண்டு முகவரிகள் இருந்தன: ஒன்று ஏரிப் பாசன வயல், மற்றொன்று பட்டுத் தறி. இரண்டும் சட்டத்தின் கண்ணுக்கு வெளியே இருந்தது தற்செயல் அல்ல.

முதலில் தறியைப் பார்ப்போம். பட்டுச் சேலை கட்டுபவர்களுக்கும், ஏன், அதைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்களுக்கும்கூட இந்த வேலையின் அமைப்பு சரியாகத் தெரிவதில்லை.

காஞ்சிபுரம் சேலையின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். வெறும் சாயத்தால் வந்த வேறுபாடு அல்ல அது. ஊடை நூலே வேறு. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடத்தில்தான் சேலையின் உறுதி இருக்கிறது. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி ஒருவரால் மூன்றையும் எறிந்து வாங்க முடியாது. ஆகவே அவருடைய வலப்பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். வலக்கரையின் நாடாவை எறிவதும் வாங்குவதும் அவர் வேலை. அந்த இன்னொருவர்தான் நீண்ட காலம் பிள்ளையாக இருந்தார்.

இங்கே ஒரு பொய்யை உடைத்துவிட்டுப் போக வேண்டும். நுண்ணிய வேலைக்குப் பிஞ்சு விரல் தேவை என்று கம்பளத்துக்கும் பட்டுக்கும் சேர்த்தே சொல்லி வந்தார்கள். கரை நாடா எறிவதற்குப் பிஞ்சு விரல் தேவையில்லை. அங்கே தேவைப்பட்டது நாள் முழுதும் எழுந்து போகாமல் உட்காரும் ஓர் ஆள், அதுவும் மிகக் குறைந்த கூலிக்கு. பெரியவருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது. நெசவாளிக்குக் கூலி சேலைக் கணக்கில் வருகிறது. துணைக்கு உட்காருபவரின் கூலியை அவர்தான் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பட்டும் ஜரிகையும் கொடுத்து வாங்கும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பிள்ளை இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டிலும் இல்லை. அண்ணா பிறந்த ஊர் இது. அவர் பெயரிலேயே பட்டுக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சங்கங்கள் நெசவாளிக்குப் பல நன்மைகள் செய்திருக்கின்றன. ஆனால் தறியின் இடப்பக்கத்தில் இருப்பவர்தான் அவற்றுக்கு நெசவாளி. வலப்பக்கம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இதிலிருந்து இன்னொரு விளைவும் உண்டு. நெசவாளி நெய்யும் நேரமெல்லாம் பிள்ளையும் உட்கார வேண்டும். அவர் 10 மணி நேரம் நெய்தால் இவளுக்கும் 10 மணி நேரம். முகூர்த்த மாதம் நெருங்கி முதலாளி சேலை கேட்டால் இருவருக்கும் இரவு உண்டு. குழந்தையின் வேலை நேரத்தை மட்டும் தனியே குறைக்க இந்தத் தறியில் வழியே இல்லை. ஆலையில் குழந்தைகளை இரண்டு முறையாகப் பிரித்து அரைநாள் வேலை வாங்கலாம், வாங்கினார்கள். தறி வீட்டில் அது நடக்காது. நேர வரம்புச் சட்டங்களின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

*ஒரே ஆண்டு, இரண்டு காகிதங்கள்*

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. குழந்தைகள் மீதுள்ள இரக்கத்தால் மட்டும் வந்ததல்ல. மலிவான இந்திய உழைப்போடு போட்டியிட வேண்டியிருந்த லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதலும் அதன் பின்னால் இருந்தது. 7 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. 7 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 மணி நேரம். நடுவில் 1 மணி நேர ஓய்வு. மாதத்தில் 4 நாள் விடுமுறை. 7 வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரம் என்பதைத்தான் அன்று பாதுகாப்பு என்று எழுதினார்கள். அதுவும் இயந்திர விசையோடு 100 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும். 1891இல் திருத்தினார்கள்: வயது 9 ஆனது, 9 முதல் 14 வரை 7 மணி நேரம், ஆட்கணக்கு 50 ஆகக் குறைந்தது.

அதே 1891ஆம் ஆண்டில் இந்த மாவட்டத்திலிருந்து வேறொரு காகிதம் மேலே போனது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை அது. பஞ்சமி நிலம் என்றாலே அந்தப் பெயர் நமக்கு நினைவு வருகிறது. 1892இன் அரசாணைக்கு அடிப்படையாக அமைந்ததாலும், ஒரு நூற்றாண்டு கழித்து 1994இல் காரணையில் நம் தோழர்கள் அதற்காக உயிர் கொடுத்ததாலும், அந்த அறிக்கையை நிலத்தின் அறிக்கையாகவே படித்துப் பழகிவிட்டோம். உழைப்பின் அறிக்கையாகவும் அதைப் படிக்க வேண்டும். படியாள் முறை அதில் பதிவாகியிருக்கிறது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காக ஒருவர் மிராசுதாரரிடம் கட்டுப்படுகிறார், கடன் தீர்வதில்லை, மகன் தலையில் விழுகிறது. 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரத்தை நீக்கி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அடிமை என்ற சொல்தான் போயிற்று. அதன் இடத்தில் கடன் சீட்டு உட்கார்ந்துகொண்டது.

இப்போது இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று, 9 வயதுக் குழந்தை ஆலையில் எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்று கணக்கிடுகிறது. மற்றொன்றில், படியாளின் மகன் பிறந்த அன்றே வேலைக்காரன். அவனுக்கு மணிக் கணக்கு கிடையாது. மாடு மேய்ப்பது, சாணி அள்ளுவது, களத்தில் பறவை விரட்டுவது எல்லாம் அந்தக் குடும்பம் பட்ட கடனுக்குள் அடக்கம். அரசாங்கத்துக்கு இரண்டும் தெரியும், ஆனால் முதலாவதைத்தான் உழைப்பு என்று பெயரிட்டது. இரண்டாவது வழக்கம் ஆயிற்று, சாதி ஆயிற்று.

சட்டம் அறையை அளந்தது என்று நாம் சொல்வது இதைத்தான். பிள்ளை என்ன வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் செய்கிறது என்று கேட்பதற்கு முன்னால் அறையில் எத்தனை பேர், இயந்திரம் ஓடுகிறதா என்று கேட்டது. 1922இல் வயது 12, நேரம் 6 மணி, ஆட்கணக்கு 20. 1934இல் நேரம் 5 மணியாகக் குறைந்தது. 1948இல் வயது 14, நேரம் நாலரை மணி. விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர். வரிசையாகப் பார்த்தால் முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு தறி போட்ட கூடத்தில் நெசவாளி நால்வர், பிள்ளைகள் நால்வர். மொத்தம் 8 பேர். விசையும் கிடையாது. 1881இன் சட்டத்துக்கும் அந்தக் கூடம் தெரியவில்லை. 1948இன் சட்டத்துக்கும் தெரியவில்லை.

*அடகுச் சீட்டு*

பிள்ளையை அடகு வைக்கும் முறையை அரசு ஆவணமாக்கியது விட்லி ஆணையம். 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை கொடுத்த அரச தொழிலாளர் ஆணையம் அது. சட்டத்துக்கு உட்படாத சிறு பட்டறைகளில் 5 வயதுப் பிள்ளைகளையும் பார்த்ததாக எழுதினார்கள்; நாளுக்கு 10, 12 மணி நேரம், கூலி 2 அணா அளவில். பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை ஈடாக எழுதிக் கொடுப்பதையும் கண்டார்கள். அதன் விளைவாக வந்ததுதான் 1933ஆம் ஆண்டின் குழந்தை உழைப்பு ஈட்டுச் சட்டம். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உழைப்பை ஈடு வைக்கும் ஒப்பந்தம் எழுத்திலிருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும் செல்லாது என்றது. மீறும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம். முதலாளிக்கு 200 ரூபாய் வரை.

குழந்தை உழைப்பை நேராகத் தொட்ட சட்டங்களில் இது ஒன்றுதான் அறையை அளக்காமல் கடனை அளந்தது என்பது எங்கள் மதிப்பீடு. ஆட்கணக்கு கேட்கவில்லை, இயந்திரம் கேட்கவில்லை. பட்டுத் தறிக்குப் பொருந்தியிருக்க வேண்டிய சட்டம் இது. ஆனால் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு தறி வீட்டுக்குள் போகவில்லை. போகாததற்கு ஒரு வசதியான ஓட்டையும் இருந்தது: நியாயமான கூலிக்காக, ஒரு வார அறிவிப்பில் முறித்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடு என்றால் அது ஈடு ஆகாது. முன்பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாமே என்று தறிக்காரர் சொல்லுவார். கட்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

1938இல் குழந்தைகள் வேலையமர்த்தல் சட்டம் வந்தது. துணி அச்சிடுதல், சாயமிடுதல், நெய்தல் ஆகியவை அதன் அட்டவணையில் இருந்தன. நெசவு என்ற சொல்லைச் சட்டம் ஒருவழியாக உச்சரித்துவிட்டது. உடனே ஒரு விலக்கையும் சேர்த்துக்கொண்டது: கூலியாள் வைக்காமல் குடும்பத்தினர் உதவியோடு மட்டும் நடக்கும் பட்டறைக்கு இது பொருந்தாது. 'கூலியாள் வைக்காமல்', 'மட்டும்' என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தீண்டப்படாத மக்களின் நலனைக் கவனிக்க 1920ஐ ஒட்டி அரசு ஏற்படுத்திய பொறுப்புக்குப் பெயர் தொழிலாளர் ஆணையர், அதாவது லேபர் கமிஷனர். அவர் கீழ் நம் பிள்ளைகளுக்காகத் திறந்தவை லேபர் பள்ளிக்கூடங்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடிகள். நம் மக்களை அரசு தொழிலாளர் என்ற பெயரிலேயே அறிந்திருந்தது. பிள்ளையைப் பள்ளிக்குக் கூப்பிடும்போதும் பலகையில் லேபர் என்றே எழுதியது. ஆனால் அதே சொல் தறியில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. உதவி, பழக்கம், தொழில் கற்றல் என்ற சொற்கள்தான் கிடைத்தன.

தொழில் கற்றல் என்பதை அப்படியே ஏற்க முடியாது. நெசவைச் சாலியர், தேவாங்கர், செங்குந்தர் என்று சில சாதிகளின் பரம்பரைச் சொத்தாகவே எழுதுகிறார்கள். நெய்தவர்களில் நம்மவர்களும் உண்டு. கோலியர் என்ற நெசவுப் பிரிவின் பெயர் பட்டியல் சாதிகளின் பட்டியலில் இன்றும் இருக்கிறது. முரட்டுத் துணி நெய்த கைகளைப் பட்டின் வரலாறு கணக்கில் சேர்ப்பதில்லை. நகரத்துக்கு வெளியே ஊர்ப்புறங்களுக்குத் தறி பரவியபோது சேரியும் காலனியும் உள்ளே இழுக்கப்பட்டன, பெரும்பாலும் வலப்பக்கத்து இடத்துக்கு. சிலர் அங்கிருந்து தொழிலைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் வந்து சொந்தத் தறி போட்டார்கள். அது பெருமைதான். ஆனால் கரை நாடா மட்டும் எறிந்து 10 ஆண்டுகள் கழித்தவர்கள் பலருக்குப் பாவு ஓட்டத் தெரியாது. டிசைன் கட்டத் தெரியாது. கற்றுக் கொடுப்பதற்காக அங்கே உட்கார வைக்கவில்லை.

இன்னொன்றையும் நம் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். காலனியில் தறி போட்ட நம்மவர்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் வலப்பக்கம் உட்கார வைத்தார்கள். சேலைக் கூலியில் வேறு வழி இல்லை என்றார்கள். வேறு வழி இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். பிள்ளையின் நாள் போனதும் உண்மை.

*அரசமைப்பின் இரண்டு உறுப்புகள்*

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பு வகித்தார். ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 1946இன் திருத்தத்தில் 48 மணி நேரமானது அந்தக் காலத்தின் பணி. நாளுக்கு 8 மணி நேரம் என்று இன்று நாம் பேசும் உரிமையில் அவர் கை இருக்கிறது என்பதை மே நாள் மேடைகள் பல மறந்துவிடுகின்றன.

அரசமைப்பில் குழந்தை உழைப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் உறுப்பு 24ஐ எடுத்துக் காட்டுவார்கள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ அபாயகரமான வேறு வேலையிலோ அமர்த்தக் கூடாது என்கிறது அது. நல்ல உறுப்புதான். ஆனால் தொழிற்சாலை, சுரங்கம் என்று அதுவும் இடத்தையே பெயர் சொல்கிறது. தறி வீடு மறுபடியும் வெளியே. எங்களுக்கு அதற்கு முந்தைய உறுப்பு 23தான் வலிமையானதாகத் தெரிகிறது. வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. வயது கேட்கவில்லை, இடம் கேட்கவில்லை. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விரித்தது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரிடம் வேலை வாங்கினால் அதுவே கட்டாய உழைப்பு, பசியின் கட்டாயமும் கட்டாயம்தான். படியாளின் மகனுக்கும் தறிப் பிள்ளைக்கும் ஒரே உறுப்பு போதும் என்று இந்தத் தீர்ப்பைப் படித்த பின் தோன்றுகிறது. வழக்கறிஞராகப் போகும் மாணவர்கள் 24ஐ மட்டும் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகாதீர்கள்.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்து மூன்றே ஆண்டுகளில் இந்த மாநிலத்தில் நேரக் கணக்கு தலைகீழானது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டத்தைத்தான் குலக்கல்வி என்று நாம் அழைக்கிறோம். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளியில் நாளுக்கு 3 மணி நேரம் படிப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழில். குழந்தையின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்ட வேண்டிய அரசு, படிப்பு நேரத்துக்கு வரம்பு கட்டியது. திராவிட இயக்கத்தின் எதிர்ப்பில் அது வீழ்ந்ததும், 1954 மே மாதம் காமராஜர் அரசு அதைக் கைவிட்டதும் நீங்கள் அறிந்தது. பள்ளியில் மதிய உணவு வந்ததும் அதே காமராஜர் காலத்தில்தான். ஆனால் பெற்றோரின் தொழிலை நேரே பார்த்துப் பிள்ளை கற்கட்டும் என்ற அந்த எண்ணம் அன்றோடு செத்துவிட்டதா என்ற கேள்விக்கு இன்னும் கொஞ்சத்தில் திரும்பி வருவோம்.

*எடுக்கப்பட்ட இரண்டு சொற்கள்*

1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இதன் படி கொத்தடிமைக் கடன் எதுவாக இருந்தாலும் அடியோடு அழிந்தது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. நம் நாட்டின் சட்டங்களில் ஏழையின் சொல்லை முதலில் நம்பத் தொடங்கும் சட்டம் அபூர்வம். இது அப்படி ஒன்று. உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 1995இல் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னபோதும் அரசு ஏற்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடிகளும்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குபடுத்துதல்) சட்டம். 1938இன் அட்டவணை அப்படியே வந்தது; நெசவும் வந்தது. குடும்ப விலக்கும் வந்தது. ஆனால் அந்த விலக்கிலிருந்த இரண்டு நிபந்தனைகள் போய்விட்டன. 'மட்டும்' இல்லை, 'கூலியாள் வைக்காமல்' இல்லை. குடும்பத்தின் உதவியோடு நடக்கும் பட்டறை என்றால் போதும். வெள்ளைக்காரன் எழுதிய விலக்கு சிறிய கதவு; நாம் எழுதிய விலக்கு பெரிய கதவு. தறிக்காரரின் மனைவி தார் சுற்றிக் கொடுத்தால் அது குடும்பப் பட்டறை. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பது யார் பிள்ளை என்று கேட்டால், அக்காள் மகள், தங்கை மகன். சாதி கேட்டுத் தண்ணீர் கொடுத்த வீட்டில், ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் சேரிப் பிள்ளை சொந்தக்காரப் பிள்ளை ஆனாள்.

இதே சட்டத்தில் நேர வரம்பும் இருந்தது. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிறகு 1 மணி ஓய்வு. ஓய்வும் சேர்த்து நாளுக்கு 6 மணிக்குள் முடிய வேண்டும். இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது. கூடுதல் நேரம் கூடாது. ஆனால் தடை செய்யப்பட்ட தொழில் நடக்காத இடங்களுக்குத்தான் இந்தப் பகுதி பொருந்தும் என்று சட்டமே சொல்லிவிட்டது. நெசவு தடைப் பட்டியலில் இருந்ததால் நேர வரம்பு தறி வீட்டுக்கு இல்லை. குடும்ப விலக்கு இருந்ததால் தடையும் இல்லை. மாணவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். டீக்கடையில் டம்ளர் கழுவிய பிள்ளைக்குக் காகிதத்திலாவது 6 மணி நேரம் என்று எழுதியிருந்தது. தறியில் உட்கார்ந்த பிள்ளைக்கு அதுவும் இல்லை.

எங்களில் சிலர் அந்த ஆண்டுகளில் வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள். ஆகவே இதை அறிக்கைகளைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஜரிகை கண்ணைக் கூசும். தூங்கி விழுந்தால் பின்மண்டையில் ஓர் அடி விழும். முன்பணம் வாங்கிய அன்று வீட்டில் சோறு கொதித்த வாசனையும் நினைவிருக்கிறது. அதற்காக அப்பா அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. முன்பணம் கூலியில் கழியாது. அது அப்படியே நிற்கும், கூலி தனி. வேறு தறிக்குப் போக வேண்டுமானால் புதிய தறிக்காரர் பழையவருக்குப் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்வார். பிள்ளை கைமாறும், கடன் கூடவே போகும். டிரெமென்ஹீர் கண்ட படியாளுக்கும் இதற்கும் வேறுபாடு எங்கே என்று சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லலாம்.

1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயகரமான வேலையில் குழந்தையை வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அரசு அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். சிவகாசிக்காகத் தொடங்கிய வழக்கு நாடு முழுவதற்கும் ஆனது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் காஞ்சிபுரத்துத் தறிக் கூடங்களில் ஒரு பயம் புகுந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ரைடு போன்ற தொண்டு நிறுவனங்கள் தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கு இணைப்புப் பள்ளிகள் நடத்தின. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப் பிரதேசத்தோடு காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. அந்த அறிக்கை சாதியைப் பெயர் சொல்லிப் பேசியது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். அரசு அறிக்கைகளில் 'வறுமை' என்று மட்டும் இருந்த இடம் அது.

பிறகு தறியில் பிள்ளைகள் குறைந்தார்கள். யாரால் என்பதில் பலரும் உரிமை கொண்டாடுகிறார்கள். சட்டத்துக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. சத்துணவுக்கும் இலவசப் பேருந்து அட்டைக்கும் உண்டு. எங்கள் பார்வையில் பெரிய காரணம் வேறு: 1990களின் பிற்பகுதி முதல் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் எழுந்தன. பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்தால் கம்பெனி வண்டியில் ஏறலாம் என்ற நிலை வந்ததும், பிள்ளையைத் தறியில் வைப்பதால் இழப்பு என்ன என்று பெற்றோருக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. முன்பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று காலனிக்குள் வந்தது. வலப்பக்கம் காலியானது. இன்று பல வீடுகளில் அங்கே உட்காருவது நெசவாளியின் மனைவி. அவருக்குத் தனிக் கூலி கிடையாது. அந்த வரலாற்றை எழுதப் பெண் தோழர்கள்தான் வர வேண்டும்.

*மறுபடியும் குடும்பம்*

2016இன் திருத்தம் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. 1986 சட்டத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். 14 முதல் 18 வரை வளரிளம் பருவத்தினர் என்று முதல் முறையாகத் தனியே பிரித்து, அபாயகரமான வேலைகளில் அவர்களையும் தடுத்தது. ஆனால் அந்த அபாயப் பட்டியலைச் சுருக்கிச் சுரங்கம், எரிபொருள்-வெடிபொருள், தொழிற்சாலைச் சட்டம் சொல்லும் அபாயச் செயல்முறைகள் என்று மூன்றில் அடக்கினார்கள். முன்பு பட்டியலில் பெயர் சொல்லி இருந்த கைத்தறி காணாமல் போனது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்றார்கள். குடும்பம் என்றால் தாய், தந்தை, உடன்பிறந்தோர். அப்பாவின் அண்ணன் தம்பி அக்கா தங்கை. அம்மாவின் அண்ணன் தம்பி அக்கா தங்கை. அன்று ஆய்வாளரிடம் சொன்ன பொய்யைச் சட்டமே இப்போது வரையறையாக எழுதி வைத்திருக்கிறது.

2017இன் விதிகள் ஒரு வரம்பு போட்டன: நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் உதவி கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது. பள்ளி விட்டு வீடு வந்து சேர மாலை ஐந்து ஆகும் ஊரில் 7 மணிக்குள் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 1953இல் பள்ளிக்கு 3 மணி நேரம், மீதி அப்பன் தொழில். இப்போது பள்ளி முழுநேரம், அப்பன் தொழிலுக்கு 3 மணி நேரம். அளவு மாறியிருக்கிறது, அதை மறுக்க மாட்டோம். பிறப்பையும் தொழிலையும் கட்டும் கயிறு அப்படியே இருக்கிறது. எந்தச் சாதி வீட்டில் 'குடும்பத் தொழில்' என்றால் மருத்துவமனை, எந்த வீட்டில் தறி, எந்த வீட்டில் செங்கல் சூளை, எந்த வீட்டில் சாக்கடை என்று சட்டம் கேட்கவில்லை.

பெரியவர்களின் நேரமும் நழுவப் பார்க்கிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. கம்பெனி வண்டியில் ஏறிப் போகும் நம் பிள்ளைகளுக்கு 18 வயது நிரம்பியிருக்கலாம். அவர்களுடைய 8 மணி நேரமும் காவல் இல்லாமல் நிற்காது.

இந்த வரலாற்றுக்கு ஆவணம் குறைவு. ஆணையங்களின் அறிக்கைகள் நூலகத்தில் கிடைக்கின்றன. முன்பணம் எழுதிய துண்டுச் சீட்டுகள், கூலிக் குறிப்பேடுகள், ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்கு மாறியபோது பணம் கொடுத்து வாங்கிய கணக்குகள் ஆகியவை நம் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கின்றன, அல்லது கரையான் தின்றுவிட்டது. தாமல், முசரவாக்கம், பாலுச்செட்டி சத்திரம் பக்கத்துக் காலனிகளில் அப்படி எதுவும் வைத்திருப்பவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள். படம் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். சீட்டு இல்லை, நினைவு மட்டும் இருக்கிறது என்பவர்களும் வரலாம். எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறது.